மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

காயக்கில் ஏறினால் முதலில் நனைவது உட்காரும் இடம்தான், சார். யூடியூபில் இதை ஒருத்தரும் சொல்வதில்லை. துடுப்பின் ஒரு முனை தண்ணீரில் இறங்கும்போது மறுமுனை மேலே நிமிரும். அதிலிருந்து வழிகிற தண்ணீர் நேராக மடியில் வந்து விழும். பத்தே நிமிடத்தில் அரை டிராயர் தொப்பலாகிவிடும். கீழவாசலில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற ஐம்பத்து மூன்று வயது மனுஷன் ஒருத்தன், ஈரப் பின்புறத்தோடு கண்மாய் நடுவில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருப்பதை நீங்கள் ஒருநாள் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு சந்தோஷம் அது.

நாகசுப்பிரமணியன், திருநகர். மற்ற விவரமெல்லாம் ஏட்டையா ஏற்கெனவே எழுதிக்கொண்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள், நன்றி, வேண்டாம். நான் நிதானமாகச் சொல்கிறேன். நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மூன்று மாதத்தை நினைத்தாலே அப்படித்தான் வருகிறது.

காயக் காற்றடிக்கிற வகை. ஆன்லைனில் வரவழைத்து மொட்டை மாடியில் வைத்து நான் அதற்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, துணி காயப்போட வந்த என் மனைவி சீதாலட்சுமி வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அதில் கேலி செய்தால் இரண்டு மடங்கு உறைக்கும். கல்யாணத்தன்றுகூட நீங்கள் இப்படித் துள்ளவில்லையே என்றாள். வாஸ்தவம்தான்.

எதற்குக் காயக் என்று கேட்பீர்கள். கரைப்பறவைகளுக்காக. உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் என்று ஒரு பெரிய கூட்டம் பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வலசை வரும். கடற்கரைக் கழிமுகத்துக்குத்தான் பெரும்பாலும் போகும் என்றாலும், நம் மதுரைப் பக்கத்துக் கண்மாய்களிலும் இறங்கும். நடந்து போனால் நூறடியில் எழும்பிவிடும். படகில் தாழ உட்கார்ந்து பையப் பைய நகர்ந்தால், எருமை மிதந்து வருகிறது என்று நினைத்து விட்டுவிடும். பத்தடி தூரத்தில், கண்ணில் மை தீட்டினது போன்ற ஒரு பவளக்கால் உள்ளான் உங்களை எருமையாக ஏற்றுக்கொள்வதைப் போன்ற கௌரவம் வேறு கிடையாது.

நான் போன இடம் சேந்தன் கண்மாய். வண்டியூர் தாண்டிக் கிழக்கே பதினைந்து கிலோமீட்டர். அங்கேதான் அழகுபாண்டி பழக்கமானார். அந்தக் கண்மாய்க்கு அவர்தான் நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து, அடைத்து, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்துப் பாய்ச்சுகிற ஆள். நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டு உரிமை. நாற்பது வயது இருக்கும், கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு, சிரித்தால் ஊருக்கே கேட்கும். முதல்நாள் என் படகைப் பார்த்ததும் கரையிலிருந்து கத்தினார்.

“ஏண்ணே, அதென்ன பலூனா, படகா? முள்ளுக் குத்துனா புஸ்ஸுனு போயிராதா?”

இறங்கி வந்து என் தொலைநோக்கியை வாங்கிக் கண்ணில் வைத்தார். அரை மணி நேரம் திருப்பித் தரவில்லை.

“இம்புட்டூண்டு உருப்படி சைபீரியாவுல இருந்தா வருது? எங்க ஊரு பஸ்ஸு சிலைமானைத் தாண்டுறதுக்குள்ள மூணு எடத்துல நின்னு போகுதுண்ணே!”

பிறகு அவரே பெயர்களைக் கற்றுக்கொண்டார். பட்டாணி உப்புக்கொத்திக்குச் ‘சுண்டல்காரி’ என்று பெயர் வைத்தார். “அண்ணே, சுண்டல்காரி பன்னெண்டு உருப்படி கெழக்கால மேயுது, வெரசா வாங்க” என்று காலையில் கடைக்குப் போன் வரும். நான் வாடிக்கையாளரின் பவரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். எனக்கு நண்பர்கள் குறைவு, சார். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

சென்ற ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஆற்றிலும் தண்ணீர் விட்டார்கள். சேந்தன் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஊரே கூடிக் கிடா வெட்டியது. அழகுபாண்டி என்னையும் இழுத்துக்கொண்டு போய் இலையில் உட்கார வைத்தார். நான் சைவம்; அப்பளமும் பாயசமும் சாப்பிட்டேன். அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருந்த பந்தியில் அழுகை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான். யோசித்துப் பாருங்கள். கரைப்பறவைக்கு வேண்டியது தண்ணீர் இல்லை, சேறு. கணுக்கால் அளவு ஈரச் சேறு. கரை தொட்டுத் தண்ணீர் நின்றால் அது எங்கே நிற்கும், எதைத் தின்னும்? அந்த வருஷம் முழுக்க நாமக்கோழியையும் நீர்க்காகத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். காயக் வாங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

மடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேந்தன் கண்மாயின் கிழக்கு மடையில் ஷட்டர் துருப்பிடித்து உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது. அதனால் பழைய முறைதான். தண்ணீருக்கு அடியில் கல்லில் ஒரு துவாரம். நீர்பாய்ச்சி முங்கிப் போய் வைக்கோல் பிரியையும் களிமண் மூட்டையையும் வைத்து அதை அடைப்பார். வேண்டும்போது முங்கி எடுப்பார். என் வீட்டில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி ஒன்று இருந்தது. காயக்கில் அது நீளவாக்கில் சரியாக அடங்கியது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மடைக்கல் பக்கம் ஒதுங்கி, தொரட்டியைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவி, வைக்கோலில் ஒரு பிடி மட்டும் இழுப்பேன். ஒரே ஒரு பிடி. நாளொன்றுக்கு இரண்டு விரற்கடை தண்ணீர் குறையும். யாருக்கு என்ன நஷ்டம்?

பத்தாம் நாள் வடமேற்கு மூலையில் பாய் விரித்த அளவுக்குச் சேறு தெரிந்தது. பதினோராம் நாள் அதில் ஏழு கொசு உள்ளான். அடுத்த வாரம் நெடுங்கால் உள்ளான் நாற்பது. பிறகு கருவால் மூக்கன். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே ஒரு கடற்கரையைச் செய்துவிட்டேன், சார், கடலுக்கு இவ்வளவு தூரத்தில், ஒரு தொரட்டியை வைத்துக்கொண்டு. கடையில் கண் பரிசோதனைப் பலகையைக் காட்டும்போதுகூட வாய்க்குள் பாட்டு வந்தது. சீதாலட்சுமி என் பிபி மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டாள்.

ஊரில் வேறு மாதிரி இருந்தது. நெல் பொதி கட்டி நிற்கிற சமயம்; தண்ணீர் தை கடைசி வரைக்கும் தாங்க வேண்டும். தினமும் மட்டம் இறங்குவதைப் பார்த்து, அழகுபாண்டிதான் செங்கல் சூளைக்காரனுக்காகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறார் என்று பேச ஆரம்பித்தார்கள். அவர் நாலு தடவை முங்கி அடைத்தார். நாலு தடவையும் நான் இழுத்தேன்.

“நண்டுதேண்ணே ஓட்டை போடுது. எவன்கிட்டச் சொன்னாலும் நம்ப மாட்டேங்குறான். எங்கப்பன் காலத்துல இருந்து ஒரு சொல்லு வாங்குனதில்லண்ணே. இப்ப கடையில டீ குடிக்கப் போனா எந்திரிச்சுப் போறாய்ங்க.”

சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நண்டாகத்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஊர்க்கூட்டம் என்று முடிவானது. அதற்குள் ஒழுக்கு நிற்காவிட்டால் நீர்பாய்ச்சி உரிமையை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள். அழகுபாண்டி வெள்ளிக்கிழமை முங்கி, இதுவரை இல்லாத அளவுக்கு இறுக்கி அடைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் நான் போனேன். மடைக்குப் பக்கத்தில், முன்பு தூர்வாரியபோது விட்டுப்போன ஒரு மண்திட்டு அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. இன்னும் ஒரு சாண் இறங்கினால் போதும், அருமையான மேடை. தொரட்டியை மாட்டி இழுத்தேன். இறுக்கி அடைத்திருந்ததால் பிடி பிடியாக வரவில்லை. மொத்தமும் ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இப்படியும் அப்படியும் பார்த்தேன். மேலே ஒரு சின்னச் சுழி தெரிந்தது. வீட்டுக்கு வந்து தோசை சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை ஆறரைக்கு நான் போனபோது அழகுபாண்டி இடுப்பில் தாம்புக்கயிற்றைக் கட்டிக்கொண்டு மடைக்கல்லில் நின்றுகொண்டிருந்தார். கூட்டத்துக்கு முன்னால் அடைத்துவிட வேண்டும் என்ற அவசரம். முங்குகிறவரின் கயிற்றை எப்போதும் அவருடைய மச்சான் பேயாண்டிதான் பிடிப்பார். அங்கே அது ஒரு கட்டுப்பாடு. பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடித்தால் பங்கு நினைப்பு வரும், சேக்காளி பிடித்தால் பராக்குப் பார்ப்பான், மச்சானுக்குத்தான் தங்கச்சி தாலி ஞாபகம் இருக்கும் என்பார்கள். அன்றைக்குப் பேயாண்டி மேலூரில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். மதியம்தான் வருவார்.

“அண்ணே, இன்னைக்கு நீங்கதேன் எனக்கு மச்சான்” என்று சொல்லிச் சிரித்தார். “ஒரு சுண்டு சுண்டுனா இளக்கி விடுங்க. விடாமச் சுண்டுனா கேக்காதீக, பாக்காதீக, இழுத்துருங்க. நண்டு ஓட்டைதேன், ரெண்டு நிமிசத்துல வாரேன்.”

துவாரம் முழுசாகத் திறந்து கிடக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார். அத்தனை நாள் பழக்கம் ஒரு நிமிடத்தில் கெட்டுப்போகும். எனக்கு அதில் விருப்பமில்லை. படகை மடைக்கல்லை ஒட்டி நிறுத்தி, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார்.

அப்போதுதான் அது வந்து இறங்கியது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அப்படி. மண்திட்டில், என்னிலிருந்து இருபதடியில், தன்னந்தனியாக. சிட்டுக்குருவி உயரம். அலகின் முனை கரண்டி மாதிரி விரிந்திருந்தது. கரண்டிமூக்கு உள்ளான், சார். உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள். அதைப் பார்க்க மனிதர்கள் சொத்தை விற்றுப் பர்மாவுக்கும் தாய்லாந்துக்கும் போகிறார்கள். அது சேந்தன் கண்மாயில், நான் செய்த சேற்றில் நின்றது. நெஞ்சு அடித்துக்கொண்டதில் பைனாகுலர் மூக்கில் இடித்தது. உடம்பெல்லாம் சிரிப்பு. வாயை இறுக மூடிக்கொண்டு சிரித்தேன்.

கேமராவுக்கு இரண்டு கையும் வேண்டும். கயிற்றைக் கையிலிருந்து உருவித் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். ஆறு ஐம்பத்திரண்டுக்கு முதல் படம். அப்போது ஒரு சுண்டு வந்தது. தொடையை லேசாகத் தூக்கி இளக்கிவிட்டேன். அதை நான் செய்தேன். பிறகு விடாமல் சுண்ட ஆரம்பித்தது.

இழுக்க வேண்டும் என்றால் எழுந்து மண்டி போட வேண்டும், மூச்சைப் பிடிக்க வேண்டும், துடுப்பு தட்டும், தண்ணீர் சளக்கென்று அடிக்கும். பறவை ஒரு நொடி நிற்காது. பறவை பார்க்கிறவர்களுக்கு முதல் பாடமே அசையாமல் இருப்பதுதான். இன்னும் ஐந்து படம், அப்புறம் இழுக்கலாம் என்று நினைத்தேன். ஐந்து எடுத்தேன். அது திரும்பி மறுபக்கத்தைக் காட்டியது. அந்தப் பக்கமும் ஐந்து. கயிறு சுண்டச் சுண்டப் படகு ஆடியது. படகு ஆடினால் படம் ஆடும். அதனால் கயிற்றைத் தொடைக்கடியிலிருந்து எடுத்து மடைக்கல்லின் முனையில் மாட்டிவிட்டேன். கயிற்றை நான் விடவில்லை, சார். மாட்டினேன். அதன் பிறகு படகு குளத்து இலை மாதிரி அசையாமல் நின்றது.

ஆறு ஐம்பத்தாறுக்குப் பறவை எழும்பி மேற்குக் கரைப் பக்கம் போனது. நானும் துடுப்பைப் போட்டு அந்தப் பக்கம் போனேன். கண்ணில் படவில்லை. ஏழு பத்துக்குத் திரும்பி வந்து, கரையில் ஏறிக் கத்தி ஆட்களைக் கூப்பிட்டேன். அவர் கால் முட்டி வரைக்கும் துவாரத்துக்குள் போய் இறுகியிருந்தது. ஆறு பேர் சேர்ந்து எடுத்தார்கள். அன்றைக்கு உங்களிடம், பறவை பார்க்கவே இல்லை, சுண்டியதிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்தேன், வரவில்லை என்று சொன்னேன். அது பொய்.

அவருடைய மனைவி அன்னக்கொடி என் கையை எடுத்துப் பார்த்தார். கயிறு இழுத்த தழும்பு இருக்குமே என்று பார்த்திருக்கலாம். கை வழவழவென்று இருந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை.

“எங்கண்ணன் இருந்திருந்தா...” என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “இல்லண்ணே, ஒங்களைச் சொல்லலை. நீங்க கடைக்கார மனுசரு, ஒங்களுக்கு எம்புட்டுத்தேன் தெம்பிருக்கும். மனசுல வச்சுக்காதீக.”

நல்ல பெண். ஊர்க்கூட்டம் அன்று நடக்கவில்லை. பத்து நாள் கழித்து நடந்து, உரிமையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு ஆள் முங்கி அடைத்ததும் ஒழுக்கு நின்றுவிட்டதால், அழகுபாண்டிதான் திறந்துவிட்டிருக்கிறார் என்பது உறுதியாகிவிட்டதாம். அந்த நியாயம் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இதோடு முடிந்திருக்கும். ஆனால் கரண்டிமூக்கை வைத்துக்கொண்டு யாரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்? ஐந்து நாள் பொறுத்தேன். தூக்கத்தில் சிரிக்கிறீர்கள் என்றாள் சீதாலட்சுமி. ஆறாம் நாள் எங்கள் பறவை பார்ப்போர் குழுவில் படங்களைப் போட்டேன். இடம், தேதி, நேரம் மூன்றும் இல்லாமல் பதிவை ஏற்கமாட்டார்கள். நேரத்தை மாற்றிப் போடுவது எனக்குப் பழக்கமில்லை. பதிவில் பொய் சொன்னால் அப்புறம் எதற்குப் பறவை பார்க்க வேண்டும்? ஆறு ஐம்பத்திரண்டு முதல் ஐம்பத்தாறு வரை என்று சரியாக எழுதினேன்.

அதைப் பார்த்துத்தான் ஷாநவாஸ் உங்களிடம் வந்தார். குழுவில் அவர்தான் பதிவுகளைச் சரிபார்க்கிறவர், கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறார். இங்கே வருவதற்கு முன்னால் கடைக்கு வந்தார். சலாம் சொல்லாமல், உட்காராமல், லேப்டாப்பைத் திறந்து காட்டினார்.

“நாகு சார், இது கொசு உள்ளான். மூக்கு நுனியில சேறு ஒட்டியிருக்கு. கொசு உள்ளான் சேத்துல குத்திக் குத்தி, காஞ்ச உருண்டை ஒட்டிக்கிட்டா கரண்டி மாதிரித்தான் தெரியும். புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாம் செய்ற தப்பு. முப்பத்தெட்டாவது படத்துல பாருங்க, தண்ணியில நனைச்சப்புறம் பாதி கரைஞ்சிருச்சு.” பிறகு குரல் இறங்கியது. “இந்த நாலு நிமிஷம் கயிறு யாரு கையில இருந்துச்சு? அல்லாவுக்காகச் சொல்லுங்க.”

முப்பத்தெட்டாவது படத்தில் இருப்பது கோணம், சார். பறவை லேசாகத் திரும்பியிருக்கிறது. கண் சம்பந்தப்பட்ட தொழிலில் முப்பது வருஷம் இருக்கிறவனுக்குக் கோணம் தெரியாதா? ஷாநவாஸ் கரண்டிமூக்கைப் பார்த்ததில்லை. அவருக்குப் பொறாமை இருக்கும், மனுஷன்தானே. வாக்குமூலத்தில் ‘ஒரு பறவை’ என்று ஏட்டையா எழுதியிருக்கிறார். முழுப் பெயரையும் போடச் சொல்லுங்கள்.

குழுவுக்கு நான் நாற்பத்திரண்டு படம்தான் கொடுத்தேன். கடைசியாக ஒன்று இருந்தது, உங்கள் ஆட்கள் கார்டிலிருந்து மீட்டு எடுத்து இப்போது மேசையில் வைத்திருக்கிறார்களே, அதுதான். பறவை எழும்பும்போது அனிச்சையாக அழுத்தியது. அது நான் அசைந்ததால் எழும்பவில்லை. நான் ஒரு இமைகூட அசைக்கவில்லை. மடைக்கும் திட்டுக்கும் நடுவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அவர் கை மேலே வந்தது. மணிக்கட்டு வரைக்கும்தான். ஐந்து விரலும் விரிந்திருந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம்தான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அவர் மேல் வந்த ஒரே கோபம் அப்போது வந்ததுதான். மறைப்பதற்காக நான் அந்தப் படத்தை அழிக்கவில்லை, சார். நீங்களே பாருங்கள், பறவை கலங்கிப்போயிருக்கிறது. ஃபோகஸ் முழுக்கக் கையின் மேல் விழுந்துவிட்டது.